முற்றத்தில் ஒரு பவழமல்லி: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தக்கலைக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு பவழமல்லி நிற்கிறது. நட்டு 14 ஆண்டு ஆகிறது. தெருவோடு போகிறவர்கள் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று அதைப் பற்றி விசாரிப்பார்கள், ஒரு கம்பு கேட்பார்கள். கொண்டுபோய் நட்டுவிட்டு ஆறு மாதம் கழித்து அடுத்த சந்தேகத்தோடு வருவார்கள். ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வந்ததால், கேட்டவர்களின் வாய்மொழியிலேயே அவற்றை எழுதி வைத்தேன். எங்கள் மரத்தோடும், கம்பு வாங்கிப்போனவர்கள் வீட்டு மரங்களோடும் பழகித் தெரிந்துகொண்டதைத்தான் பதிலாகச் சொல்கிறேன்.

பவழமல்லி, பவளமல்லி, பாரிஜாதம் எல்லாம் ஒண்ணுதானா?

ஆமாம், மூன்றும் ஒரே மரம்தான். களியக்காவிளைப் பக்கம் போனால் பவிழமல்லி என்பார்கள். வெள்ளை இதழுக்குப் பவள நிறத்தில் காம்பு, அதனால் வந்த பெயர். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிச் சொல்லும் பூக்களில் 'சேடல்' என்று வருவது இதுதான் என்று உரைகாரர்கள் பொருள் சொல்கிறார்கள். அறிவியல் பெயர் நிக்டாந்தஸ் ஆர்பர்-டிரிஸ்டிஸ். தோவாளைச் சந்தைக்கு வரும் பிச்சியும் மல்லிகையும் எந்தக் குடும்பமோ, அதே குடும்பம்.

பாரிஜாதம் என்ற பெயரில் மட்டும் ஒரு குழப்பம் உண்டு. உத்தரப்பிரதேசத்துக் கிந்தூர் கிராமத்தில் பாரிஜாதம் என்று கும்பிடப்படும் பிரமாண்டமான மரம் ஆப்பிரிக்காவின் பெருக்கமரம். அதன் படத்தை போனில் பார்த்துவிட்டு, "இவ்வளவு பெருசா வந்தா வீடு தாங்குமா?" என்று பயந்தவர்கள் இருக்கிறார்கள். அந்த மரம் வேறு, இது வேறு.

இது செடியா, மரமா? எவ்வளவு உயரம் போகும்?

விட்டால் மரம், கத்தரித்தால் செடி. காட்டில் தன் போக்கில் வளர்ந்தால் 30 அடி வரை போகும். வீடுகளில் யாரும் கவனிக்காமல் நிற்பவை பெரும்பாலும் 12 முதல் 15 அடி இருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை கவாத்து செய்தால், அதாவது கொம்புகளைக் கத்தரித்துவிட்டால், 7, 8 அடியில் குடைபோல் நிறுத்தலாம். எங்கள் மரம் அந்த உயரம்தான்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "குட்டையா நிக்கிற மரம்" என்று கேட்டுத்தான் எல்லோரும் இதை வாங்குகிறார்கள். அது தானாகக் குட்டையாக நிற்காது. தை, மாசியில் ஒரு காலைப்பொழுதை அதற்குக் கொடுக்க முடியும் என்றால் மட்டும் நடுங்கள்.

எங்களுக்கு மூணு சென்ட்தான். கொன்றை, மே பிளவர் எல்லாம் விட்டுட்டு இதை ஏன் சொல்லுதிய?

கொன்றை எனக்கும் பிடிக்கும். சுசீந்திரம் கோயிலின் தலமரமே கொன்றைதானே. ஆனால் அதற்கு விரிந்து நிற்க இடம் வேண்டும், மூன்று சென்ட் வீட்டில் அது மின்கம்பியைத் தொட்டுவிடும். மே பிளவரின் வேர் மேலாக ஓடித் தளத்தைத் தூக்கும், கொம்பும் காற்றுக்கு நிற்காது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்துப் போன மறுநாள் நம் மாவட்டம் எப்படிக் கிடந்தது என்று நினைவிருக்கும். ரப்பரும் தென்னையும் வாழையும் விழுந்து கிடந்த தெருக்களில், வீட்டை ஒட்டி எந்த மரத்தை வைப்பது என்று யோசிக்காதவர் இல்லை.

பவழமல்லியின் வேர் சுவரைப் பிளக்கும் ரகம் அல்ல. தாழ்வாக வைத்தால் காற்று பிடிப்பதும் குறைவு. ஒரு கொம்பு முறிந்தாலும் கீழிருந்து தளிர்த்துவிடும்.

நர்சரியில நைட் ஜாஸ்மின்னு கேட்டு வாங்கினேன். இலை வழவழன்னு இருக்கு. இதுதானா?

அநேகமாக இல்லை. 'நைட் ஜாஸ்மின்' என்ற பெயரை இரவுராணிக்கும் சொல்கிறார்கள், இதற்கும் சொல்கிறார்கள். இரவுராணிக்கு வழவழப்பான நீண்ட இலை, வெளிர்பச்சைக் குழல் பூ. அதன் காய் விஷம். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் ஆள் மாறி வந்தால் ஆபத்து.

பவழமல்லியைப் பூ இல்லாமலே அடையாளம் காணலாம். இலையைத் தடவினால் உப்புத்தாள் போலச் சொரசொரவென்று இருக்கும், நகத்தில் நாலு தடவை தேய்த்தால் நகம் மங்கிப்போகும். இளங்கொம்பை இரண்டு விரலுக்கிடையே உருட்டிப் பாருங்கள், உருளாது. நான்கு விளிம்பு கையில் தட்டுப்படும். இந்த இரண்டும் இருந்தால் நம்பி வாங்கலாம்.

எந்த மாசம் நடணும்?

நம் மாவட்டத்துக்கு இரண்டு மழை. எந்த மழையை நம்புவது என்பது நீங்கள் எந்தப் பக்கம் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கல்குளம், விளவங்கோடு பக்கம் இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை, நன்றாகப் பெய்யும், அதனால் வைகாசிக் கடைசி, ஆனியில் நடலாம். தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் அந்த மாதங்களில் மழையைவிடக் காற்றுதான் அதிகம். அங்கே புரட்டாசிக் கடைசியிலோ ஐப்பசியிலோ நட்டால் துலா மழையில், அதாவது வடகிழக்குப் பருவமழையில், வேர் பிடித்துவிடும். மாசி, பங்குனியில் மட்டும் நடாதீர்கள். பிழைக்க வைக்கலாம், ஆனால் தினமும் தண்ணீரோடு பின்னாலேயே நிற்க வேண்டும்.

குழி எவ்வளவு? எங்க மண்ணு வெறும் சரல்.

இரண்டு அடி நீளம், இரண்டு அடி அகலம், இரண்டு அடி ஆழம். தோண்டி ஒரு வாரம் வெயிலில் ஆறப் போடுங்கள். மேல்மண்ணில் பாதி, மட்கிய சாணம் கால் பங்கு, மீதி மணலும் சருகும் கலந்து மூடலாம்.

மேற்குப் பக்கத்துச் சரல் மண்ணுக்குத் தண்ணீர் நிற்காது என்ற நல்ல குணம் உண்டு. ஆனால் இரண்டு மழையும் சேர்ந்து சத்தை அரித்துக்கொண்டு போய்விடும். அதனால் சாணத்தைக் கூடப் போட்டு, இரண்டு கை அடுப்புச் சாம்பலும் சேருங்கள். மணவாளக்குறிச்சி, இராஜாக்கமங்கலம் போன்ற மணல் பகுதி என்றால் நார்க்கழிவும் குளத்து வண்டலும் சேர்த்தால்தான் ஈரம் நிற்கும். நார்க்கழிவைப் புதிதாகப் போடக் கூடாது, ஒரு மழையிலாவது நனைந்து கறை போயிருக்க வேண்டும்.

சிரமப்படுத்துவது நாஞ்சில் நாட்டு வயல் களிதான். வயலை நிரப்பி வீடு கட்டிய இடங்களில் மேலே ஒரு அடி செம்மண் இருக்கும், அடியில் பழைய களி அப்படியே கிடக்கும். குழி தோண்டினால் அது கிணறு மாதிரித் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நான் கம்பு கொடுத்ததில் செத்துப்போனவை பெரும்பாலும் இப்படிப்பட்ட இடத்தில்தான். அங்கே குழி வேண்டாம். தரைக்கு மேல் ஒன்றரை அடிக்கு மண் மேடு போட்டு, அதன் உச்சியில் நடுங்கள்.

கதம்பையை அடியில போடலாமா?

கதம்பை என்பது தேங்காயின் நார்மட்டை. மணலில் போடலாம், ஈரத்தைப் பிடித்து வைக்கும். கரையான் உள்ள சரல் மண்ணில் வேண்டாம். கதம்பையைத் தின்ன வருவது இளம் வேரையும் விடாது.

மதில்ல இருந்து எத்தனை அடி தள்ளி வைக்கணும்?

ஆறு அடி இருந்தால் நல்லது, நான்கு அடிக்குக் குறையக் கூடாது. வேருக்குப் பயந்து இதைச் சொல்லவில்லை. மதிலை ஒட்டி வைத்தால் மரம் வெளிச்சம் தேடித் தெருப்பக்கமே சாயும், பூவெல்லாம் ரோட்டில் கொட்டும். செப்டிக் டேங்கிலிருந்து எட்டு, பத்து அடி தள்ளி இருக்கட்டும். எந்த மரமானாலும் அந்த ஈரத்தை நோக்கி வேர் விடும்.

வெயில் நாலைந்து மணி நேரமாவது விழ வேண்டும். காலை வெயில் விழும் கிழக்குப் பக்கம் கிடைத்தால் வேறு இடம் தேட வேண்டாம்.

தண்ணி, வளம் எவ்வளவு?

முதல் ஆண்டு மழையில்லாத நாட்களில் இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒரு குடம். இரண்டாம் ஆண்டு வாரம் இருமுறை. மூன்றாம் ஆண்டிலிருந்து கோடையில் வாரம் ஒருமுறை விட்டாலே போதும். அடிமரத்தைச் சுற்றிச் சருகு போடுங்கள், தண்டைத் தொடாமல் ஒரு சாண் விட்டு.

வளம், அதாவது உரம், ஆண்டுக்கு இரண்டு தடவை வைத்தால் போதும். கவாத்து முடிந்ததும் ஒரு கூடை மட்கிய சாணம், ஆடியில் இரண்டு கை எலும்புத் தூள். கோழிவளத்தை மட்கவைக்காமல் போட்டால் வேர் வெந்துவிடும்.

எங்க வீடு கடல் பக்கம். நிக்குமா?

வீட்டின் கிழக்கிலோ வடக்கிலோ, கடற்காற்று நேராக அடிக்காத மறைவில் வைத்தால் நிற்கும். குளச்சல் பக்கம் ஒரு வீட்டில் கடலைப் பார்த்து வைத்தார்கள். ஆடிக்காற்றில் இலை விளிம்பெல்லாம் தீய்ந்து சுருண்டது. அதே செடியை மறுவருஷம் அடுக்களைப் பின்புறம் மாற்றினார்கள், இன்று தோளுயரம் நிற்கிறது. கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருந்தால் மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்து முதல் கோடையை மட்டும் தாண்டவையுங்கள்.

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்று வேறு மாதிரி. கணவாய் வழியே வருகிற காற்றுக்குத்தானே அங்கே அத்தனை காற்றாலை. அங்கே முதல் இரண்டு ஆண்டும் ஊன்றுகம்பு கட்டாயம். செடியின் மேற்குப் பக்கம் அடித்து, பழைய துணியை எட்டு வடிவத்தில் சுற்றித் தளர்வாகக் கட்டுங்கள். கயிறாலோ கம்பியாலோ இறுக்கிக் கட்டினால் தோலை அறுத்துவிடும்.

விதை நல்லதா, கம்பு நல்லதா?

இரண்டும் முளைக்கும். காய் தட்டையாக, நாலணாக் காசு அளவில் இருக்கும். பழுத்துப் பழுப்பானதும் இரண்டாகப் பிளந்தால் பக்கத்துக்கு ஒரு விதை. முளைக்க வாரக்கணக்கில் ஆகும், அதனால் பத்து நாளில் பொறுமையிழந்து மண்ணைக் கிளறிவிடாதீர்கள். விதைச் செடி பூக்க இரண்டு, மூன்று ஆண்டு ஆகும்.

கம்பு நட்டால் சீக்கிரம் பூ. மழைக்காலத்தில், பென்சில் தடிமனில், முக்கால்வாசி முற்றிய கொம்பாகப் பார்த்து ஒரு சாண் நீளம் வெட்டுங்கள். கீழ்க்கணுவுக்கு ஒட்டிச் சாய்வாக ஒரு வெட்டு. மேலே இரண்டு இலையை மட்டும் விட்டு, அவற்றையும் பாதியாக நறுக்கிவிடுங்கள். இரண்டு கணு மண்ணுக்குள் போக வேண்டும். பத்து கம்பு நட்டால் நாலைந்துதான் பிடிக்கும், அதனால் ஒன்றை மட்டும் நட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். துளிர்த்ததும் பிடித்துவிட்டது என்று எடுத்துவிட வேண்டாம். கம்புக்குள் இருக்கும் சத்திலேயே முதல் துளிர் வரும், வேர் பிறகுதான்.

பூவெல்லாம் விடியுமுன்னே கொட்டிப் போகுதே, ஏதாவது நோயா?

நோய் இல்லை, அதன் இயல்பே அதுதான். பொழுது சாய்ந்ததும் மொட்டு அவிழும். இரவெல்லாம் மணக்கும், விடியும்போது உதிரும். ஆவணியில் தொடங்கி மார்கழி வரை எங்கள் மரத்தில் இது நடக்கும், புரட்டாசி, ஐப்பசியில் உச்சம்.

ஒருநாள் ஐந்து மணிக்கு எழுந்து மரத்தடியில் நின்று பாருங்கள். காற்றே இல்லாமல் இருக்கும், ஆனால் பூ விழுந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு பூவும் பம்பரம் போல ஒரு சுற்றுச் சுற்றி இறங்கும், சருகின் மேல் விழும்போது 'டிக்' என்று சின்னச் சத்தம் கேட்கும். காம்பு கனமாக இருப்பதால் கவிழ்ந்து விழுந்தவைதான் அதிகம், பவளம் மேலே தெரியக் கிடக்கும். ஆறரைக்கு வெயில் பட்டதும் இதழ் துவளத் தொடங்கும். ஏழு மணிக்கு எழுந்து இந்த மரத்தைப் பார்ப்பவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள்.

கீழே விழுந்த பூவைச் சாமிக்கு வைக்கலாமா?

மண்ணில் விழுந்தாலும் பூசைக்கு எடுக்கலாம் என்று வழக்கம் இருக்கிற பூ இது. சீர்காழி, திருக்களர் கோயில்களின் தலமரமே பவழமல்லிதான். மனசு ஒப்பவில்லை என்றால் இரவு படுக்குமுன் மரத்தடியில் பழைய வேட்டியையோ ஓலைப்பாயையோ விரித்துவிடுங்கள். எங்கள் வீட்டில் வேட்டிதான். காலையில் நான்கு மூலையையும் கூட்டிப் பிடித்தால் பூ நடுவில் சேர்ந்துவிடும். பக்கத்து வீட்டு அக்கா அதில் பாதியைச் சர்ச்சுக்கு எடுத்துப்போய்த் தண்ணீர்த் தட்டில் மிதக்கவிடுவார்கள். கோர்ப்பது என்றால் ஊசிநூலில் காம்புக் குழல் வழியே கோர்க்கலாம், கட்டினால் நசுங்கிவிடும்.

மாசி, பங்குனியில இலையெல்லாம் கொட்டிக் குச்சியா நிக்கு. செத்துப்போச்சா?

கோடையில் இலை உதிர்ப்பது இந்த மரத்தின் வழக்கம். மிச்சமிருக்கும் இலையும் மஞ்சளடித்துத் தொங்கும், பார்க்க நன்றாக இருக்காது. முற்றத்தில் ஆண்டு முழுவதும் பச்சை வேண்டும் என்பவருக்கு இந்த மரம் சரிவராது.

உயிர் இருக்கிறதா என்று பார்க்க, கொம்பின் தோலை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் கவலையில்லை. பழுப்பாக இருந்தால் இன்னும் கீழே சுரண்டிக்கொண்டே வாருங்கள், பச்சை வரும் இடத்துக்கு மேலே உள்ளதை வெட்டிவிடலாம். கோடை மழை ஒன்று பெய்தால் பத்து நாளில் துளிர்த்துவிடும். பயந்துபோய்த் தினம் இரண்டு குடம் ஊற்றுகிறவர்களால்தான் நல்ல மரமும் அழுகுகிறது.

கவாத்து எப்போ பண்ணணும்? எவ்வளவு வெட்டலாம்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

பவழமல்லி புதுக்கொம்பின் நுனியில்தான் பூக்கும். பூ முடிந்து காய் முற்றும் தை மாதக் கடைசியிலிருந்து மாசி முடிவதற்குள் வெட்டிவிட்டால், கோடை மழைக்கு வரும் புதுக்கொம்பு ஆவணிக்குள் முற்றி மொட்டு வைக்கும். ஆடியில் மரம் அடர்ந்து தெரிகிறதே என்று வெட்டினால், அந்த ஆண்டுப் பூவை வெட்டி எறிந்ததாக அர்த்தம். எத்தனையோ வீடுகளில் ஓணத்துக்கோ கோயில் கொடைக்கோ முற்றத்தைச் சுத்தம் பண்ணுகிறோம் என்று ஆள் வைத்து வெட்டிவிட்டு, "இந்த வருஷம் பூக்கவே இல்லை" என்று வருத்தப்படுகிறார்கள்.

முதலாண்டில் செடி மூன்று அடி வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். கீழே தளிர்ப்பவற்றில் நான்கு திசைக்கு ஒன்றாக நல்ல கொம்புகளை வைத்துக்கொண்டு மற்றதை நீக்குங்கள். இதுதான் மரத்தின் எலும்புக்கூடு. அதன் பிறகு ஆண்டுதோறும், போன ஆண்டு வளர்ந்த கொம்பில் மூன்றில் ஒரு பங்கை விட்டு மீதியை எடுங்கள். வெளிப்பக்கம் பார்த்த மொட்டுக்குக் கால் அங்குலம் மேலே, சாய்வாக வெட்ட வேண்டும். ஒன்றோடொன்று உரசும் கொம்பு, உள்பக்கம் வளரும் கொம்பு, அடியிலிருந்து கிளம்பும் குருத்து மூன்றும் போக வேண்டும். முடித்துவிட்டு உள்ளே பார்த்தால் நடுவில் வானம் தெரிய வேண்டும்.

வெட்டுகத்தியை எடுக்காதீர்கள், தோல் நார்நாராகக் கிழியும். கத்தரிக்கோலும், பெருவிரல் தடிமனுக்கு மேல் சின்ன ரம்பமும் போதும். பெரிய வெட்டுவாயில் போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சைக்கொல்லி) தடவலாம். ரப்பர் வைத்திருப்பவர்கள் யாரிடம் கேட்டாலும் கலக்கும் விதம் சொல்வார்கள்.

மரம் 15 அடி போயிட்டு. ஒரே வெட்டா இடுப்பளவுக்கு இறக்கலாமா?

மரம் தாங்கும், ஆனால் அந்த ஆண்டு பூ குறையும், பத்திருபது குருத்து ஒரே இடத்திலிருந்து கிளம்பி விளக்குமாறு மாதிரி நிற்கும். மூன்று ஆண்டில் இறக்குவதுதான் என் யோசனை. ஆண்டுக்கு ஒரு பெரிய கொம்பாக மாசியில் எடுங்கள். மிச்சக் கொம்பில் பூ இருந்துகொண்டே இருக்கும், மரமும் வடிவத்துக்கு வந்துவிடும்.

அஞ்சு வருஷமாச்சு, பூக்கவே மாட்டேங்கு. என்ன செய்ய?

வீட்டுக்கு வந்து பார்க்கச் சொன்னால் நான் முதலில் மேலேதான் பார்ப்பேன். தென்னையோ பலாவோ மேலே கூரை போட்டிருந்தால் அதுதான் காரணம். நம்மூர் வளாகங்களில் பத்தில் ஏழு இப்படித்தான், நட்டபோது இருந்த வெயில் இப்போது இருக்காது. பலாக்கொம்பு ஒன்றை எடுத்தாலே மறுவருஷம் பூத்த மரம் எனக்குத் தெரியும்.

மேலே வெளிச்சம் இருக்கிறது, இலை மட்டும் கரும்பச்சையாகச் செழித்து நிற்கிறது என்றால் யூரியாவோ கோழிவளமோ அதிகம் போகிறது. ஓராண்டு எதுவும் போடாமல் விடுங்கள். இரண்டும் இல்லை என்றால் எந்த மாதம் வெட்டினீர்கள் என்று யோசியுங்கள், கவாத்துப் பதிலில் சொன்னதுதான்.

'குட்டை ரகம், வருஷம் பூரா பூக்கும்'னு கூட விலை சொல்லுதான். வாங்கலாமா?

தாய்மரத்தைக் காட்டச் சொல்லுங்கள். பங்குனியில் பூவோடு நிற்கிற தாய்மரத்தைக் கண்ணால் பார்த்தால் தாராளமாக வாங்கலாம். பையில் இரண்டு அடி உயரத்தில் பூத்திருப்பது மட்டும் சாட்சி ஆகாது, கம்பில் வளர்த்த எந்தச் செடியும் அந்த உயரத்தில் பூக்கும்.

பெரிய பச்சைப்புழு ஒரே ராத்திரியில இலையைத் தின்னுட்டு. மருந்து என்ன?

விரல் தடிமனில், பின்பக்கம் ஒரு கொம்போடு இருக்கிறதா? அது பெரிய அந்துப்பூச்சியின் புழு. மழைக்காலத்தில் வரும், இரண்டு மூன்றுதான் இருக்கும். தரையில் மிளகு மாதிரி எச்சம் கிடக்கும் இடத்துக்கு நேர்மேலே தேடினால் கிடைத்துவிடும். கையால் எடுத்து அப்புறப்படுத்துங்கள், மருந்து தேவையில்லை. மரம் ஒரு மாதத்தில் இலையைத் திரும்ப விட்டுவிடும்.

கம்பளிப்பூச்சி கூட்டமாக இருந்தால் கையால் தொடாதீர்கள், அந்த இலையோடு வெட்டிச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். மாவுப்பூச்சிக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து சாயங்காலம் தெளிக்கலாம். பூக்கும் நாட்களில் இரசாயன மருந்து அடிக்காதீர்கள், உதிரும் பூவைப் பொறுக்குவது பிள்ளைகள்தான்.

வாசனைக்குப் பாம்பு வரும்னு சொல்லுதாவளே?

பூ மணத்துக்குப் பாம்பு வராது. அது வருவது எலிக்கும் தவளைக்கும். ஆனால் இந்தப் பயத்தை முழுக்கத் தள்ளிவிடவும் மாட்டேன். அடியிலிருந்து குருத்து மண்டி, சருகு குவிந்து, பக்கத்தில் ஓட்டுத்துண்டும் செங்கலும் அடுக்கியிருந்தால் எந்த மரத்தடியும் பாம்புக்கு வசதிதான். தரையிலிருந்து இரண்டு அடிக்குக் கொம்பில்லாமல் வையுங்கள். விடிகாலை பூப்பொறுக்கப் போகும்போது டார்ச்சும் செருப்பும் இல்லாமல் போகாதீர்கள்.

'சோக மரம்'னு பேராமே. வீட்டு முன்னால வைக்கலாமா?

அறிவியல் பெயரில் வரும் ஆர்பர் டிரிஸ்டிஸ் என்பதற்குச் சோக மரம் என்றுதான் பொருள். பகலில் பூ இல்லாமல் நிற்பதைப் பார்த்து வெளிநாட்டார் வைத்த பெயர் அது. கோவாவில் இருந்த போர்த்துகீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா 1563இலேயே அப்படி எழுதிவிட்டார், 1753இல் சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் அதையே நிலைநிறுத்தினார். சூரியனை விரும்பிய இளவரசி அவன் கைவிட்டதால் எரிந்து சாம்பலானாள், சாம்பலிலிருந்து முளைத்தது இந்த மரம், அதனால்தான் சூரியனைப் பார்க்காமல் பூ உதிர்க்கிறது என்று ஒரு கதையும் உண்டு.

நம்மவர்கள் இதைக் கோயிலுக்குள் வைத்துக் கும்பிட்டவர்கள். மேற்கு வங்கத்தின் மாநிலப் பூவும் இதுதான், துர்கா பூசை நெருங்குவதை அங்கே இந்தப் பூ விழுவதை வைத்துச் சொல்வார்கள். வீட்டு வாசலில் தாராளமாக வையுங்கள்.

பூக்காம்புல சாயம் எடுக்கலாமா?

எடுக்கலாம். இதழைக் கிள்ளிவிட்டுக் காம்பை மட்டும் நிழலில் காயவைத்துக் கொதிக்க வைத்தால் நல்ல ஆரஞ்சு மஞ்சள் வரும். குங்குமப்பூவின் நிறத்துக்குக் காரணமான பொருள்தான் இதிலும் இருக்கிறது. மலையாளக் கரையின் செடிகளைப் படத்தோடு பதிந்த ஹோர்த்தூஸ் மலபாரிகூஸின் 1678ஆம் ஆண்டு முதல் தொகுதியில் இந்த மரத்தின் பெயரே 'மஞ்ஞப்பூமரம்' என்றுதான் இருக்கிறது. துணியில் சாயம் ரொம்ப நாள் நிற்காது, வெயிலில் வெளுக்கும். ஒரு கைக்குட்டையில் முயன்று பாருங்கள்.

இலைக் கஷாயம் மூட்டுவலிக்கு நல்லதாமே? ரெண்டு இலை தருவியளா?

காய்ச்சலுக்கும் இடுப்பிலிருந்து கால்வரை இழுக்கும் வலிக்கும் நாட்டு மருத்துவத்தில் இந்த இலை பெரிய பேர் பெற்றது. இலை கேட்டால் தருவேன், அளவு கேட்டால் சொல்ல மாட்டேன். அதைச் சித்த மருத்துவரோ ஆயுர்வேத மருத்துவரோ ஆளைப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கர்ப்பிணிகளும் கேட்காமல் குடிக்கவே வேண்டாம். நாலைந்து நாளாகக் காய்ச்சல் என்றால் முதலில் ரத்தம் சோதித்துப் பாருங்கள்.

எங்களுக்கு முற்றமே இல்லை, மாடிதான். தொட்டியில வருமா?

வரும். ஒன்றரை அடி வாய் உள்ள சிமெண்ட் தொட்டியோ பாதியாக வெட்டிய டிரம்மோ வேண்டும். அடியில் நாலைந்து ஓட்டை போட்டு, அதன் மேல் ஓட்டுச்சில்லைக் கவிழ்த்து வையுங்கள். நான்கு அடிக்கு மேல் வளரவிடாதீர்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாசியில் எடுத்து, வெளிவேரில் ஒரு சுற்றைச் சீவிவிட்டுப் புதுமண் போட வேண்டும். மாடித் தளம் கோடையில் கொதிக்கும், அதனால் தொட்டியைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள். தரை மரம் அளவுக்குப் பூ கிடைக்காது, ஒரு கைப்பிடி கிடைக்கும்.

வீட்டை இடிச்சுக் கட்டப் போறோம். எங்க அம்மா வெச்ச மரம், 12 வருஷம் ஆச்சு. பேர்த்து வேற இடத்துல நடலாமா?

இந்தக் கேள்வியோடு வந்தவர்கள் மூன்று பேர். மூன்றில் ஒன்றுதான் பிழைத்தது, அதனால் மரத்தை மட்டும் நம்பாதீர்கள். வீட்டு வேலை தொடங்குமுன் ஒரு மழைக்காலம் கிடைத்தால், மேலே சொன்னபடி இருபது கம்பு வெட்டி வையுங்கள். கம்பிலிருந்து வருவது அதே மரம்தான், அம்மா வைத்ததன் தொடர்ச்சி. விதையில் வளர்த்தால் கொஞ்சம் மாறலாம்.

பெரிய மரத்தையும் முயற்சி செய்யுங்கள். பேர்ப்பதற்கு இரண்டு மாதம் முன்பே அடிமரத்திலிருந்து இரண்டு அடி தள்ளி, பாதி வட்டத்துக்குப் பள்ளம் எடுத்து வேரை வெட்டி, மண்ணும் சருகும் போட்டு மூடுங்கள். ஒரு மாதம் கழித்து மறுபாதி. அப்புறம் கொம்புகளை மூன்று அடிக்கு இறக்கிவிட்டு, இலையில்லாத நாளாகப் பார்த்து, மாசிக் கடைசியில் மண் உருண்டை உடையாமல் ஈரச்சாக்கில் சுற்றித் தூக்குங்கள். நாலு பேர் வேண்டும். புதுக்குழியில் பழைய ஆழத்துக்கு மேல் மண் ஏறக் கூடாது, பழைய கிழக்குப் பக்கம் கிழக்கிலேயே இருக்கட்டும். தென்னையோலையால் நிழல் கட்டி, மண் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிழைத்த அந்த ஒன்று ஆனி முடியும்வரை ஒரு துளிர்கூட விடவில்லை. அதனால் ஆடி வரை வெட்டாமல் காத்திருங்கள். நகத்தால் சுரண்டிப் பார்ப்பதை மட்டும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை செய்தால் போதும்.